மேகக் கணிமை, வலையமைப்பு, தகவல் பாதுகாப்புக் கலைச்சொற்கள்: சான்றிதழ்த் தேர்வு நோக்கில் சொல்மயக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மேகக் கணிமை, வலையமைப்பு, தகவல் பாதுகாப்பு ஆகிய துறைகளில் நடைபெறும் பன்னாட்டுச் சான்றிதழ்த் தேர்வுகள் நெருங்கிய சொற்களுக்கு இடையிலான வேறுபாட்டையே பெரிதும் சோதிக்கின்றன. இத்துறைகளுக்குத் தமிழில் கலைச்சொற்கள் பல உள. எனினும் ஆங்கிலத்தில் தனித்தனியே நிற்கும் கருத்துகள் பல தமிழில் ஒரே சொல்லின்மேல் வந்து விழுகின்றன. ஒலிபெயர்ப்பிலும் இதே மயக்கம் நேர்கிறது. புதுச்சேரியின் மொழிச்சூழலைப் பின்புலமாகக் கொண்டு இம்மயக்கத்தின் வகைகளையும், சொற்களைத் தனித்தனியே ஆக்காமல் கருத்துக் குடும்பமாக ஆக்க வேண்டியதன் தேவையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், மேகக் கணிமை, வலையமைப்பு, தகவல் பாதுகாப்பு, திரிபின்மை, ஒலிபெயர்ப்பு, புதுச்சேரி.

முன்னுரை

மேட்டுப்பாளையம் என்னும் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது நீலகிரி மலை இரயில் புறப்படும் கோவை மாவட்டத்து ஊரே. புதுச்சேரியிலும் ஒரு மேட்டுப்பாளையம் உண்டு. உழவர்கரை நகராட்சிப் பகுதியில் அமைந்த அவ்வூர் தொழிற்பேட்டையாலும் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தாலும் அறியப்படுவது. இரண்டு ஊர்களையும் அஞ்சல் துறை பெயரால் பிரித்தறிவதில்லை. 641301, 605009 என்னும் குறியீட்டு எண்களாலேயே பிரித்தறிகிறது. பெயர் மனிதருக்கு, எண் அஞ்சலுக்கு. இணையத்தில் தளப்பெயருக்கும் ஐபி முகவரிக்கும் உள்ள உறவு ஏறத்தாழ இதுவே. ஒரே பெயர் இரண்டு பொருளைச் சுட்டும்போது பிரித்தறியத் துணைக்கருவி ஒன்று வேண்டும் என்பதும் இவ்வெடுத்துக்காட்டிலேயே அடங்கியுள்ளது. தமிழ்க் கணினிக் கலைச்சொற்களின் இன்றைய நிலைக்கும் அது பொருந்தும்.

தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் பயின்று வெளிவரும் இளைஞர்கள் வேலைவாய்ப்புக்காக வலையமைப்பு, மேகக் கணிமை, பாதுகாப்புச் சான்றிதழ்களை நாடுகின்றனர். சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ, காம்ப்டியா அமைப்பின் நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ், அமேசான் வெப் சர்வீசஸின் கிளவுட் பிராக்டிஷனர், மைக்ரோசாஃப்டின் ஏஇசட்-900 முதலியன அவற்றுள் தொடக்கநிலைத் தேர்வுகள். தமிழ் மாணவர் இவற்றை ஆங்கிலத்தில் எழுதுகிறார். பாடத்தைப் புரிந்துகொள்வதோ பெரும்பாலும் தமிழில், ஆசிரியரின் வாய்மொழி விளக்கத்தின் வழியாக. இந்த இரண்டு மொழிகளுக்கும் இடையில் நிற்பவை கலைச்சொற்கள்.

தேர்வு சோதிப்பது எதை

கிளவுட் பிராக்டிஷனர் தேர்வில் 65 வினாக்கள். நேரம் 90 நிமிடங்கள். ஒரு வினாவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 83 நொடிகள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் முன்கூட்டி வேண்டினால் ஆங்கிலத் தேர்வுக்கு 30 நிமிடங்கள் கூடுதலாக வழங்கப்படும். இச்சலுகையை அறியாத மாணவர் பலர் என்பதால் ஆசிரியர்கள் இதனை முதல் வகுப்பிலேயே அறிவித்துவிடுவது நன்று. சலுகையோடு கணக்கிட்டாலும் வினாவொன்றுக்கு 110 நொடிகளே.

இந்நேரத்துக்குள் மாணவர் செய்ய வேண்டுவது பொருள் கூறுதல் அன்று. நான்கு விடைகளும் ஒரே கருத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்கும். அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுக்க வேண்டும். ‘அத்தென்டிகேஷன்’, ‘ஆத்தரைசேஷன்’ இரண்டும் விடைப்பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும். வந்தவர் யார் என உறுதிசெய்வது முன்னது. உறுதிசெய்யப்பட்டவர் எதைச் செய்யலாம் என வரையறுப்பது பின்னது. இரண்டையும் ‘அங்கீகாரம்’ என்றே படித்த மாணவருக்கு விடைப்பட்டியலில் இரண்டு சொற்கள் இருப்பதே வியப்பாகும். அவருக்குத் தமிழ்ச்சொல் தெரியும்; அச்சொல் அவருக்கு உதவாது.

ஆகவே, ஒரு கலைச்சொல் நல்லதா என்பதை அதனை மட்டும் எடுத்து ஆராய்ந்து முடிவு செய்ய இயலாது. அதன் அண்டைச் சொற்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரிய அறிஞர் ஓய்கன் வூஸ்டர் (1898-1977) வகுத்த கலைச்சொல்லியல் கொள்கையும், அதன் வழிவந்த ஐஎஸ்ஓ 704 தரநிலையும் கருத்துகளின் அமைப்பை முதலில் வரைந்து, அதன் பின்னரே பெயரிடுமாறு கூறுகின்றன. தமிழில் பெரும்பாலும் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. ஆங்கில அகரவரிசைப் பட்டியல் ஒன்றை எடுத்து, வலப்பக்கத்தில் தமிழை நிரப்பும் முறையே வழக்காயிற்று. அகரவரிசையில் ‘திரெட்’ என்பதும் ‘வல்னரபிலிட்டி’ என்பதும் பக்கங்கள் பல தள்ளி நிற்கும். இரண்டையும் ஒருவரே ஆக்கினாலும் ஒருசேரப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

முன்னோர் முயற்சி

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884) ஆங்கிலத்தில் தொடங்கிய மருத்துவக் கல்வியைத் தமிழுக்கு மாற்றியவர். ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875) ஆகியன அவர் முயற்சியில் வெளிவந்த நூல்கள். இம்மூன்று தலைப்புகளை மட்டும் நோக்கினாலே அவருடைய முறை விளங்கும். வழக்கில் இருந்த சொல், வடசொல், தமிழ் ஒலிக்கு ஏற்பத் திரித்துக்கொண்ட ஆங்கிலச்சொல் என மூன்றும் அவருக்கு ஏற்புடையனவே. அவர் எதிரில் மாணவர் அமர்ந்திருந்தனர்; தெளிவாகப் பிரித்துணர்த்தாத சொல் அடுத்த நாளே வகுப்பில் அம்பலமாகிவிடும்.

1916இல் சேலத்தில் இராஜகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் கண்டு இதழும் நடத்தினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் ‘கலைச்சொற்கள்’ தொகுதியை வெளியிட்டது. பின்னர்க் கணினித் துறையில் மணவை முஸ்தபா போன்றோர் அகராதிகள் தொகுத்தனர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் தொகுப்பும், செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககத்தின் ‘சொற்குவை’யும் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. சொற்பஞ்சம் இல்லை. பட்டியல் வளர வளர வகுப்பறையிலிருந்து சொல்லாக்கம் விலகியது என்பதே குறை.

திரிபின்மை

தகவல் பாதுகாப்பின் அடித்தளமாக மூன்று பண்புகளைக் கூறுவர்: ‘கான்ஃபிடென்ஷியாலிட்டி’, ‘இன்டெக்ரிட்டி’, ‘அவைலபிலிட்டி’. உரியவர் அன்றிப் பிறர் அறியாமை முதலாவது. தகவல் முறையின்றி மாற்றப்படாமை இரண்டாவது. உரியவர் வேண்டும்போது கிடைத்தல் மூன்றாவது. இவற்றுள் இரண்டாவது சொல்லே தமிழில் பெரும் இடர்ப்பாட்டைத் தருவது.

‘இன்டெக்ரிட்டி’க்கு ‘நேர்மை’ என்று பொருள் கொள்வது அரசு அலுவலக உறுதிமொழிகளுக்குப் பொருந்தும், கோப்புக்குப் பொருந்தாது. கோப்பு நேர்மையாக இருப்பதில்லை. ‘ஒருமைப்பாடு’ என்பது தேசிய ஒருமைப்பாட்டை நினைவூட்டி, பல பகுதிகள் இணைந்து நிற்பதைச் சுட்டுகிறது. ‘முழுமை’ எனின், குறைவின்றி இருத்தல் மட்டுமே பெறப்படும்; வங்கிக் கணக்கில் 5000 என்பதை 50000 என மாற்றிய பின்னும் ஆவணம் முழுமையாகவே இருக்கிறது. ‘மாறாமை’ என்பதோ, ஒருமுறை எழுதிய பின் எவராலும் மாற்ற இயலாத சேமிப்பைக் குறிக்கும் ‘இம்யூட்டபிள்’ என்னும் மற்றொரு தேர்வுச்சொல்லோடு மோதும்.

இவ்விடத்தில் தமிழ் இலக்கண மரபு எதிர்பாராத உதவியைச் செய்கிறது. தொல்காப்பியர் புணர்ச்சியில் நிகழும் மாற்றங்களை மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என மூன்றாக்கி, மூன்றனையும் திரிபு என்னும் ஒரு பெயரால் வழங்குகிறார். நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என்பார். அவரிடம் திரிதல் மூன்றனுள் ஒன்று மட்டுமே. தரவின் மேல் நிகழும் முறையற்ற மாற்றமும் இம்மூன்றே: இல்லாததைச் செருகுதல், இருப்பதை மாற்றுதல், உள்ளதை நீக்குதல். தொல்காப்பிய வழக்கின்படி ‘திரிபின்மை’ என்று கூறினால் மூன்றும் அடங்கும். தமிழ்த்துறை மாணவருக்கு இவ்விளக்கம் ஒரு தொடரில் முடியும். கணினித்துறை மாணவருக்கும் ‘திரித்தல்’ என்னும் அன்றாடச் சொல்லின் வழியே பொருள் எட்டும்.

இது தேர்வு மதிப்பெண்ணோடு நின்றுவிடும் சிக்கல் அன்று. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு மீறல் என்பதை இந்த மூன்று பண்புகளுக்கும் ஊறு விளைவிக்கும் நிகழ்வாகவே வரையறுக்கிறது. அதே சட்டம், ஒருவரிடம் இசைவு கேட்கும்போது அதனை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ பெறும் வாய்ப்பை அவருக்கு அளிக்க வேண்டும் என்கிறது. தமிழ் அவ்வட்டவணையில் உள்ளது. ஆதலின் மருத்துவமனையோ வங்கியோ கடையோ தமிழில் அளிக்கும் அறிவிப்பு சட்டப்பொருள் உடைய ஆவணம் ஆகிறது. ‘உங்கள் தரவின் நேர்மை பாதிக்கப்பட்டது’ என ஓர் அறிவிப்பு வருமாயின், அதைப் பெறுபவர் தம் கணக்கில் யாரோ எண்ணை மாற்றிவிட்டனர் என்று எங்ஙனம் அறிவார்?

அச்சுறுத்தல், நலிவிடம், இடர்வாய்ப்பு

2011 டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. புயல் என்பது அச்சுறுத்தல். வலுவற்ற கூரை நலிவிடம். அப்புயலால் அக்கூரை பறிபோவதற்கான வாய்ப்பையும் அதனால் நேரும் இழப்பையும் சேர்த்து எண்ணுவது இடர்வாய்ப்பு. கூரையை மாற்றலாம், புயலை நிறுத்த இயலாது. கூரையே இல்லாத இடத்தில் புயல் அடித்தாலும் கூரைக்கு இழப்பில்லை. பாதுகாப்புத் தேர்வின் ‘திரெட்’, ‘வல்னரபிலிட்டி’, ‘ரிஸ்க்’ ஆகியன இம்மூன்றே.

தமிழில் ‘ஆபத்து’, ‘அபாயம்’, ‘இடர்’, ‘பாதிப்பு’ ஆகிய நான்கும் இம்மூன்றன் மேல் ஒழுங்கின்றிப் பரவியுள்ளன. ‘வல்னரபிலிட்டி’யைப் ‘பாதிப்பு’ என்பது மிகவும் தவறான வழி. பாதிப்பு என்பது நேர்ந்த விளைவு; நலிவிடம் என்பது எதுவும் நேராதபோதும் இருப்பது. தாக்குதலே நிகழாத கணினியிலும் நலிவிடம் உண்டு என்பதே பாதுகாப்புப் பாடத்தின் முதற்கூற்று. ‘பாதிப்பு’ என்று கற்றவருக்கு அக்கூற்று தன்முரணாகத் தோன்றும்.

குறியாக்கமும் மறையாக்கமும்

1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழுக்கான எழுத்துக் குறியாக்கம் பற்றிய விவாதம் பரவலாக நடந்தது. டாம், டாப், டிஸ்கி எனப் பல முறைகள் பேசப்பட்ட அக்காலத்தில் ‘குறியாக்கம்’ என்பது ‘என்கோடிங்’ என்பதற்கு உரிய சொல்லாக ஊன்றியது. பின்னர்ப் பாதுகாப்புச் சொற்கள் வந்தபோது ‘என்கிரிப்ஷன்’ என்பதற்கும் அதே சொல்லைச் சிலர் ஆண்டனர். விளைவு கடுமையானது. எவரும் திரும்பப் படிக்கக்கூடிய எழுத்துமாற்றமும், சாவியின்றி எவரும் படிக்க இயலாத மறைப்பும் ஒரே பெயர் பெற்றன. பேஸ்64 முறையில் எழுதப்பட்ட கடவுச்சொல் பாதுகாப்பானதா என்பது தேர்வுகளில் வரத்தக்க வினா. ‘அது குறியாக்கம் செய்யப்பட்டுள்ளது’ என்று தமிழில் எண்ணிப் பார்க்கும் மாணவர் ‘ஆம்’ என்றே விடையளிப்பார். சரியான விடை ‘இல்லை’.

‘மறையாக்கம்’ என்பதை ‘என்கிரிப்ஷ’னுக்கென ஒதுக்குவது இன்று பரவி வருகிறது, அது காக்கப்பட வேண்டிய வழக்கு. மூன்றாவதாக நிற்பது ‘ஹேஷிங்’. எவ்வளவு பெரிய கோப்பாயினும் எஸ்எச்ஏ-256 முறை அதனை 256 பிட் நீளமுள்ள ஒரு மதிப்பாகச் சுருக்கும். அம்மதிப்பிலிருந்து கோப்பைத் திரும்பப் பெற வழியில்லை. ‘பிழிவு’ என்னும் சொல் இதற்குப் பொருந்தும். சாற்றிலிருந்து கரும்பை மீட்க எவராலும் இயலாது. குறியாக்கத்தை எவரும் திருப்பலாம், மறையாக்கத்தைச் சாவி உடையவர் திருப்பலாம், பிழிவை எவரும் திருப்ப இயலாது என மூன்றையும் ஒரே அளவுகோலால் அளந்து காட்டினால் குடும்பம் தெளிவாகும்.

‘மீள்’ என்னும் வேர்

மேகக் கணிமையின் சொற்களில் மிகப் பெரிய மயக்கம் ‘மீள்’ என்னும் வேரைச் சுற்றியே நிகழ்கிறது. இயற்பியல் பாடநூல் ‘எலாஸ்டிசிட்டி’யை மீட்சிப் பண்பு என்கிறது. ‘ரெசிலியன்ஸ்’ என்பதை மீள்திறன் என்கின்றனர். ‘ரெகவரி’ மீட்பு ஆயிற்று. ‘ரெஸ்டோர்’ மீட்டமைத்தல் அல்லது மீட்டெடுத்தல். இந்நான்கும் மேகக் கணிமைத் தேர்வில் நான்கு வெவ்வேறு விடைகள்.

அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறை மேகக் கணிமைக்கு ஐந்து இன்றியமையாப் பண்புகளையும் மூன்று சேவை வகைகளையும் நான்கு நிறுவல் முறைகளையும் கூறுகிறது. ஐந்து பண்புகளுள் ஒன்று விரைவான ‘எலாஸ்டிசிட்டி’. தேவை கூடும்போது வளங்கள் விரிந்து, குறையும்போது சுருங்க வேண்டும் என்பது இதன் பொருள். இரப்பர் இழுபட்டுப் பழைய வடிவுக்குத் திரும்புவதை முதன்மையாகக் கொண்ட ‘மீட்சி’ இங்குப் பாதிக்கருத்தையே தரும். விரிதல் விடுபட்டுப் போகும். ‘விரிசுருங்கு திறன்’ என்றோ, ‘தேவைக்கேற்ப விரிந்து சுருங்குதல்’ என விரித்தோ கூறுவதே தெளிவு. ஒரு துறையில் நிலைபெற்ற கலைச்சொல்லை ஆங்கிலச் சொல் ஒன்றாக இருப்பது கருதி மட்டும் மற்றொரு துறைக்கு ஏற்றிவிடலாகாது.

‘டிசாஸ்டர் ரெகவரி’யைப் ‘பேரிடர் மீட்பு’ என்பது இன்னும் வேடிக்கையானது. பேரிடர் மீட்புப் படை என்றவுடன் படகும் கயிறுமே நினைவுக்கு வரும். தகவல் துறையில் இது தடைபட்ட சேவை மீண்டும் இயங்கும் நிலைக்கு வருவது. மீள்பவர் எவரும் இல்லை, மீள்வது சேவை. இதன் உட்பிரிவுகளான ஆர்டிஓ, ஆர்பிஓ என்னும் இரண்டு வரம்புகளை மாணவர் குழப்பிக்கொள்வது எளிது. முன்னது சேவை எவ்வளவு நேரத்துக்குள் மீள வேண்டும் என்பது. பின்னது எவ்வளவு நேரத்துத் தரவை இழந்தால் பொறுக்கலாம் என்பது.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சிறு தொழிற்கூடம் உள்ளது எனக் கொள்வோம். அதன் கணக்குத் தரவுக்கு ஒவ்வொரு நள்ளிரவும் காப்புநகல் எடுக்கப்படுகிறது. ஒரு நாள் மாலை 4 மணிக்கு வழங்கி பழுதாகிறது. இரவு 10 மணிக்குச் சேவை திரும்புகிறது. சேவை இல்லாதிருந்த நேரம் 6 மணி. தரவிழப்போ நள்ளிரவு முதல் மாலை 4 மணி வரை, அதாவது 16 மணி நேரத்துப் பதிவுகள். அத்தொழிற்கூடம் மீள்வுக்கு 8 மணியும் தரவிழப்புக்கு 4 மணியும் வரம்பாக வைத்திருந்தால், முதல் வரம்பு காக்கப்பட்டது, இரண்டாவது மீறப்பட்டது. விரைவான வழங்கி வாங்குவதால் இரண்டாவது குறை தீராது. காப்புநகலை அடிக்கடி எடுப்பதாலேயே தீரும். ‘மீட்பு நேர நோக்கம்’, ‘மீட்புப் புள்ளி நோக்கம்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இவ்வேறுபாடு எங்கும் தோன்றாது. ‘சேவை மீள்வு வரம்பு’, ‘தரவிழப்பு வரம்பு’ எனின் பெயரே பாதி விளக்கம் ஆகிவிடும். ஆங்கிலப் பெயரின் கட்டமைப்பைத் தமிழ் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கிடைப்புநிலையையும் நீடுநிலையையும் குறித்து ஒரு சொல். அமேசானின் எஸ்3 சேமிப்பின் இயல்பான வகை ஓராண்டில் 99.99 விழுக்காடு கிடைக்குமாறும், சேமித்த பொருள் அழியாமை 99.999999999 விழுக்காடு இருக்குமாறும் வடிவமைக்கப்பட்டது. இரண்டு எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு வங்கிப் பெட்டகம் போதிய விளக்கம். ஞாயிற்றுக்கிழமை நகை கிடைக்காது. ஆனால் நகை அழிந்துவிடவில்லை.

ஒலிபெயர்ப்பும் விடையன்று

தமிழ்ச்சொல் மயங்குகிறது எனின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம் என்பது கணினித்துறை ஆசிரியர் பலரின் நிலைப்பாடு. வாய்மொழியில் அது இயலும். எழுத்தில் புதிய மயக்கம் பிறக்கிறது. தமிழ் எழுத்து முறையில் வல்லினத்தின் ஒலிப்புடைய ஒலியும் ஒலிப்பிலா ஒலியும் ஒரே எழுத்தால் குறிக்கப்படும். ஆகவே மென்பொருள் ஓட்டையை அடைக்கும் ‘பேட்ச்’சும், பணிகளைத் தொகுத்துச் செய்யும் ‘பேட்ச்’சும் ஒன்றாகிவிடும். தற்காலிக நினைவகமான ‘கேஷ்’ பணமாகிய ‘கேஷ்’ ஆகிறது. வலையமைப்பின் ‘போர்ட்’டும் அறிவிப்புப் பலகையாகிய ‘போர்டு’ம் ஓர் உகரத்தால் மட்டுமே பிரிகின்றன, அவ்வுகரத்தையும் எல்லோரும் ஒரேபோல் எழுதுவதில்லை. தரவுப் பொதியாகிய ‘பாக்கெட்’டுக்கும் மேகச் சேமிப்பின் ‘பக்கெட்’டுக்கும் இடையில் நிற்பது ஒரு துணைக்கால்.

‘போர்ட்’ தமிழ்ச்சொல்லாலும் எளிதில் தீர்வதில்லை. ‘துறை’ என்பது பொருத்தமான சொல்லே. கலம் வந்து சேரும் இடம் அது. புதுச்சேரிக்காரருக்குத் துறைமுகம் புதிதன்று. ஆனால் கணினித் துறை, தமிழ்த்துறை என்னும்போது அச்சொல் வேறு பொருளில் நிற்கிறது. கம்பியைச் செருகும் இடமும், 0 முதல் 65535 வரையுள்ள எண்களால் குறிக்கப்படும் தருக்கமுறை வாயிலும் ஆங்கிலத்திலேயே ஒரே பெயருடையவை. தமிழ் இங்கு ஆங்கிலத்தினும் தெளிவாக இருக்க வாய்ப்புண்டு: முன்னதைச் ‘செருகுவாய்’ என்றும் பின்னதைத் ‘துறை எண்’ என்றும் வழங்கினால், 443ஆம் துறை எண்ணைத் திறப்பதற்கும் கம்பியைச் செருகுவதற்கும் தொடர்பில்லை என்பது தானே விளங்கும்.

கடன்சொல்லை ஏற்பதில் தவறில்லை என்பதற்குப் புதுச்சேரியே சான்று. பிரெஞ்சு ஆட்சியின் நிருவாகப் பிரிவான ‘கொம்யூன்’ இன்றும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என அரசு வழக்கில் நிற்கிறது. அச்சொல்லோடு மயங்கும் வேறு சொல் தமிழில் இல்லாமையே அது நிலைத்ததற்கு ஒரு காரணம் எனலாம். ‘ஃபயர்வால்’, ‘கிளஸ்டர்’ போன்றவையும் அவ்வாறே மயக்கமின்றி நிற்கத்தக்கவை. கடன்சொல்லா தமிழ்ச்சொல்லா என்னும் வழக்கமான விவாதத்தைவிட, அண்டைச் சொல்லோடு மோதுகிறதா என்னும் வினாவே பயன் தரும்.

பிரெஞ்சு மொழியின் பட்டறிவு

பிரெஞ்சு மொழியாளரும் இதே சிக்கலை எதிர்கொண்டனர். 1955இல் ஐபிஎம் நிறுவனம் கேட்டுக்கொண்டதற்கு இணங்கப் பேராசிரியர் ழாக் பெரே கணினிக்கு ‘ஒர்தினத்தேர்’ என்னும் சொல்லை முன்மொழிந்தார், அது ஊன்றிவிட்டது. ‘ஃபயர்வா’லுக்கு அவர்கள் ஆள்வது தீத்தடுப்பு எனப் பொருள்படும் சொல். தமிழில் வழங்கும் ‘தீச்சுவர்’ இதனோடு ஒப்பிடத்தக்கது. தீக்கு எதிரான சுவரா, தீயாலான சுவரா என்பது தொகைநிலையில் தெளிவில்லை; விரிக்கும் உருபைப் படிப்பவரே தேட வேண்டும். ‘தீயரண்’ என்பதிலும் அவ்வையம் முற்றும் நீங்கவில்லை. எனினும் ‘அரண்’ காவலை உணர்த்துவதால் பொருள் தடுப்பின் பக்கம் சாய்கிறது.

அரண் என்றவுடன் தமிழ்த்துறையினர்க்கு உழிஞையும் நொச்சியும் நினைவுக்கு வருவது இயல்பே. திருக்குறளின் அரண் அதிகாரம் நீர், நிலம், மலை, காடு என அரணை அடுக்கிக் கூறுவது பல அடுக்குப் பாதுகாப்பை விளக்க நல்ல எடுத்துக்காட்டு. ஊடுருவல் சோதனைக்கு ‘உழிஞை’ எனப் பெயரிட்டால்தான் விபரீதம். விளக்கத்துக்குப் பழஞ்செய்தி உதவும். பெயருக்கு அது உதவ வேண்டும் என்பதில்லை.

கியூபெக் பிரெஞ்சு மொழியினர் ‘ஃபிஷிங்’ என்பதற்குத் தூண்டில் முள்ளின் பெயரிலிருந்து சொல் ஆக்கினர். ஒருவரையே குறிவைக்கும் வகைக்கு எறியீட்டியின் பெயரிலிருந்து மற்றொன்று பிறந்தது. ஒரே உருவகத்திலிருந்து இரண்டு சொற்கள். உறவும் வேறுபாடும் ஒருங்கே தெரிகின்றன. தமிழிலும் ‘தூண்டில் மோசடி’ என்பதை அடியாகக் கொண்டால் குறிவைத்த தூண்டில், குறுஞ்செய்தித் தூண்டில், குரல்வழித் தூண்டில் எனத் தேர்வு கேட்கும் வகைகள் அனைத்தும் வரிசையில் நிற்கும். சங்க இலக்கியத்துப் பரதவரின் ‘எறியுளி’ அழகிய சொல்லே. ஆனால் அதற்கு அடிக்குறிப்பு எழுத வேண்டும். 83 நொடிகளில் அடிக்குறிப்புக்கு இடமில்லை.

கருத்துக் குடும்பப் பதிவு

இலங்கையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தைத் தமிழிலேயே பயின்று, பொதுத் தேர்வையும் தமிழிலேயே எழுதுகின்றனர். அங்குச் சொல்லொன்று மயங்கினால் வினாத்தாள் அமைப்பவருக்கே சிக்கல். தமிழ்நாட்டு மேனிலை இரண்டாமாண்டுக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் வலையமைப்பு, தளப்பெயர் முறைமை, மின்வணிகப் பாதுகாப்பு ஆகியன தமிழில் உள்ளன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அப்பாடத்திட்டமே நெடுங்காலம் வழங்கியது. அண்மையில் புதுச்சேரியின் அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறியுள்ளன. ஆகவே தமிழ்க் கலைச்சொல்லைப் பள்ளியிலேயே பெற்று வரும் மாணவர் இனி அங்குக் குறைவர். தொழிற்பயிற்சி நிலையத்திலும் கல்லூரியிலும் அச்சொற்களை முதன்முறையாக அறிமுகப்படுத்தும் பொறுப்பு விரிவுரையாளர்மேல் வந்து சேர்கிறது.

அவர்களுக்குத் தேவைப்படுவது அகரவரிசை அகராதியன்று. ஒவ்வொரு பதிவிலும் ஒரு குடும்பம் முழுமையும் இடம்பெற வேண்டும். தேர்வில் வரும் ஆங்கிலச் சொல்லின் ஒலி, தமிழ்ச்சொல், ஒரு தொடரில் வரையறை, எதனோடு மயங்கும் என்னும் குறிப்பு, இரண்டையும் பிரித்துக்காட்டும் ஒரு நிகழ்வு ஆகியன அதில் அமையலாம். ‘சேவையகம்’, ‘வழங்கி’ என நாட்டுக்கு நாடு வேறுபடும் இணைச்சொற்களையும் பதிவு ஏற்க வேண்டும்; அவற்றுள் ஒன்றை ஒழிப்பது அதன் வேலையன்று. ஒரு கருத்துக்கு இரண்டு சொற்கள் இருப்பதால் மாணவர்க்குப் பெருந்தீங்கில்லை. இரண்டு கருத்துக்கு ஒரு சொல் இருப்பதே தீங்கு.

இத்தகைய பதிவைத் தமிழ்த்துறையோ கணினித்துறையோ தனித்து ஆக்க இயலாது. ‘திரிபு’ என்பதன் பரப்பைத் தமிழ்த்துறை அறியும். ‘இன்டெக்ரிட்டி’ எங்கெங்கு உடைகிறது என்பதைக் கணினித்துறை அறியும். ஒரே கல்லூரி வளாகத்தில் இரண்டு துறைகளும் இருக்கின்றன. மயங்கும் குடும்பங்கள் இருபதுக்குமேல் இரா. வாரத்துக்கு ஒரு குடும்பம் என எடுத்துக்கொண்டாலும் ஒரு பருவத்தில் பெரும்பகுதி முடியும். அதனை அப்பருவத்து மாணவரிடமே சோதித்தும் பார்க்கலாம். அங்கீகாரம் என்னும் ஒரு சொல்லின்கீழ் மறைந்துகிடக்கும் இரண்டு கருத்துகளிலிருந்து தொடங்கலாம்.